வயிற்றுப் பயிற்சி: எங்கே நோகிறது என்று பார்த்துத் திருத்தும் வழி

வயிற்றுப் பயிற்சி செய்தால் களைப்பு வயிற்றில்தான் தெரிய வேண்டும். அது பிடரியில் தெரிந்தால், நாரியில் (கீழ் முதுகில்) தெரிந்தால், தொடையின் முன்பக்கத்தில் தெரிந்தால், வயிற்றின் வேலையை வேறு தசை செய்துகொண்டிருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் எத்தனை செய்தீர்கள் என்பதைப் பிறகுதான் கேட்பேன். முதலில் கேட்பது இது: "செய்து முடிச்ச உடனே எங்கே நோகுது? தொட்டுக் காட்டுங்கோ." கை போகும் இடத்தை வைத்தே பாதிப் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளையும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

திருத்தப் பார்க்காமல் நிறுத்த வேண்டியவை

வலி நாரியில் தொடங்கிப் பின்புறம் வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கினால், காலில் விறைப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருந்தால், தும்மும்போதும் இருமும்போதும் அந்த வலி காலுக்குப் பாய்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். இதோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கும் அமரும் இடமும் மரத்துப்போனாலோ அன்றே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விடும் விஷயம் இல்லை.

முக்கும்போது தொப்புளிலோ கவட்டிலோ ஒரு புடைப்பு எழும்பி, படுத்தால் உள்ளே போய்விடுகிறதா? அது குடலிறக்கமாக இருக்கலாம். அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, நோவும் வாந்தியும் வந்தால் அவசரம். பயிற்சியின்போது நெஞ்சு இறுகி, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, குளிர் வியர்வை வந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அண்மையில் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்களும், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

முதலில் ஒரு சோதனை

மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் வையுங்கள். இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்று உட்பக்கமாக இரண்டு விரல்களை வைத்து ஒருமுறை இருமுங்கள். விரலுக்குக் கீழே ஒன்று இறுகி மேலே தள்ளும். அதுதான் வேலை செய்ய வேண்டிய ஆள். இப்போது இருமாமலே அந்த இறுக்கத்தில் பாதியைக் கொண்டுவந்து, மூச்சு விட்டபடி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வசனம் கதைத்துப் பாருங்கள். கதைக்க முடிந்தால் சரி. மூச்சைப் பிடித்தால்தான் இறுக்கம் நிற்கிறது என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைப் பழகுங்கள்.

அடுத்து ஒரு கையை நாரிக்குக் கீழே நுழையுங்கள். அங்கே இயல்பாக ஓர் இடைவெளி இருக்கும். வயிற்றை இறுக்கி, இடுப்பெலும்பைக் கொஞ்சம் உங்கள் முகப்பக்கம் சுருட்டினால் நாரி கையை மெல்ல அழுத்தும். இந்த அழுத்தம்தான் கீழே பல இடங்களில் நாம் பயன்படுத்தப் போகும் அளவுகோல்.

இது ஏன் முக்கியம் என்றால், வயிற்றுத் தசையின் நாளாந்த வேலை உடம்பை மடிப்பது இல்லை. விலா எலும்புக்கூட்டையும் இடுப்பெலும்பையும் ஒன்றுக்கொன்று நேராகப் பிடித்து வைப்பதுதான் அதன் பெரிய வேலை. முன்னால் நெடுக ஓடும் தசை விலாவிலிருந்து கவட்டு எலும்பு வரை இறங்குகிறது. பக்கங்களில் சரிவாக இரண்டு அடுக்குகள் உண்டு. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு தசை இடுப்பைச் சுற்றிக் குறுக்காகப் போகிறது. 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு காலி வீதியால் போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தால், நீங்கள் பக்கத்து ஆளின் மேல் விழாமல் நிற்பதில் இவை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

"பிடரி நோகுது, வயிற்றில ஒண்டும் தெரியேல்ல"

மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்ச் பயிற்சியைச் செய்கிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. மனிதத் தலை 4 முதல் 5 கிலோ வரும். அதைக் கையால் இழுத்துத் தூக்கினாலும், நாடியை முன்னுக்கு நீட்டித் தூக்கினாலும் கழுத்துத் தசைதான் களைக்கும்.

போனைப் பக்கவாட்டில் தரையில் வைத்து ஒரு வீடியோ எடுங்கள். உடம்பு எழும்புவதற்கு முன்பே தலை எழும்புகிறதா? முழங்கைகள் முன்னுக்கு மடங்கி முகத்தை மூடுகின்றனவா? இரண்டில் ஒன்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நாடிக்கும் தொண்டைக்கும் இடையே ஒரு தேசிக்காய் அளவு இடம் விட்டு, அந்த இடைவெளி மாறாமல், தலையும் தோளும் ஒரே துண்டாக எழும்ப வேண்டும். விரல்களைப் பின்தலையில் கோர்க்காமல் காதோரம் தொடுவதோடு நிறுத்துங்கள், அல்லது கைகளை மார்பின் மேல் குறுக்காக வையுங்கள். தோள்பட்டை எலும்பு தரையை விட்டால் போதும், அதற்கு மேல் போக வேண்டாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் பரவலாக்கிய முறை. ஒரு காலை நீட்டி, மற்றதை மடித்து, இரண்டு உள்ளங்கைகளையும் நாரிக்குக் கீழே வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் உயர்த்தி 8 அல்லது 10 விநாடி பிடியுங்கள். மூச்சு ஓட வேண்டும். பார்க்கச் சின்ன அசைவு. ஒழுங்காகச் செய்தால் ஐந்தாவது முறையிலேயே வயிறு நடுங்கத் தொடங்கும்.

அப்படியும் பிடரி நொந்தால் கிரஞ்சைச் சில வாரங்களுக்கு விட்டுவிடுங்கள். தலை தரையிலேயே இருக்கும் டெட் பக் பயிற்சியை அடுத்த பகுதியில் விளக்கியிருக்கிறேன், அதற்கு மாறலாம். கழுத்து வலி கைக்கு இறங்கி விரல் விறைத்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

"நாரி நோகுது"

இதற்கு ஒரே காரணம் இல்லை. எந்தப் பயிற்சியில் நோகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

*கால் தூக்கும்போது.* லெக் ரெய்ஸ் செய்யும்போது காலைத் தூக்குவது வயிறு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வயிற்றுத் தசை எதுவும் காலில் போய் ஒட்டவில்லை. காலைத் தூக்குவது இடுப்பு மடக்கித் தசைகள். அவற்றில் முக்கியமான ஒன்று நாரி முள்ளெலும்புகளில் தொடங்கி, இடுப்புக்குள்ளால் வந்து, தொடை எலும்பின் மேல் உட்பக்கத்தில் முடிகிறது. அது காலை இழுக்கும்போது தான் தொடங்கும் இடமான முள்ளெலும்பையும் முன்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்புக்கு இடுப்பெலும்பு அசையாமல் பிடித்திருப்பதுதான் வயிற்றின் பங்கு. வயிறு தோற்கும் கணத்தில் நாரி வளைந்து தரையை விட்டு எழும்பும். வலி அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே சோதனை இது. கையை நாரிக்குக் கீழே வைத்து, இரண்டு கால்களையும் மேலே நேராக நீட்டி, மெதுவாக இறக்குங்கள். கையின் மேல் இருந்த அழுத்தம் எந்த இடத்தில் விடுகிறதோ, இன்றைக்கு அதுதான் உங்கள் எல்லை. அதற்குக் கீழே இறக்கும் ஒவ்வொரு முறையும் நாரிக்குத்தான் சுமை.

பெரும்பாலானவர்களுக்கு அந்த எல்லை மிக மேலேயே வந்துவிடும். பயப்பட ஒன்றும் இல்லை. இந்த ஒழுங்கில் ஏறி வாருங்கள்:

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, ஒரு குதிக்காலைத் தரையோடு மெதுவாக வழுக்கி நீட்டி மடியுங்கள்.
2. இரண்டு தொடைகளையும் செங்குத்தாக நிறுத்தி, முழங்கால் மடிந்தபடி, ஒரு குதிக்காலால் மட்டும் தரையைத் தொட்டு வாருங்கள்.
3. அதோடு எதிர்ப்பக்கக் கையையும் தலைக்கு மேலாக இறக்குங்கள். இதுதான் டெட் பக்.
4. இறங்கும் காலை முழங்கால் நேராகும்வரை நீட்டுங்கள்.
5. அதற்குப் பிறகே இரண்டு காலும் சேர்ந்த லெக் ரெய்ஸ்.

ஒரு படியில் பக்கத்துக்குப் பத்து முறை, நாரி தரையை விடாமல், கதைத்தபடி செய்ய முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரு படியில் மூன்று வாரம் நிற்க வேண்டி வந்தால் நில்லுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அண்ணா இரண்டாம் படியிலேயே நெடுநாள் நின்றார். பொறுமையோடு நின்றதால்தான் இன்று அவருக்கு ஐந்தாம் படி நாரி வலியில்லாமல் வருகிறது.

*சிட் அப் செய்யும்போது.* பாதத்தைக் கட்டிலுக்குக் கீழே செருகிக்கொண்டு முழுதாக எழும்பி உட்காரும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. தோள் தரையை விடும் முதல் பகுதியில்தான் வயிறு உடம்பை மடிக்கிறது. அதற்குப் பிறகு இடுப்பு மடிகிறது, மேலே சொன்ன அதே தசை நாரியை இழுக்கிறது. பாதத்தை மாட்டிக்கொண்டால் அந்த இழுப்பு இன்னும் கூடும். சுமையோடு திரும்பத் திரும்ப வளைப்பதால் முள்ளெலும்பு இடைத்தட்டு பாதிக்கப்படலாம் என்று மெக்கிலின் ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. அவை பன்றி முதுகெலும்புகளில் செய்யப்பட்டவை, உயிருள்ள உடம்பு தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்று மறுப்பவர்களும் உண்டு. என் முடிவு இது: நோவு இல்லாதவரை நான் தடுப்பதில்லை, நாரி நோகிறவர் முதலில் கைவிட வேண்டியது சிட் அப். அமெரிக்கத் தரைப்படையே தன் உடற்தகுதிச் சோதனையில் நெடுங்காலம் வைத்திருந்த சிட் அப்பை விட்டு, 2022இலிருந்து அந்த இடத்தில் பிளாங்க்கை, அதாவது முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பயிற்சியை, வைத்திருக்கிறது.

*பிளாங்க் பிடிக்கும்போது.* இடுப்பு தொய்ந்து இறங்கியிருக்கும். கண்ணாடியையோ வீடியோவையோ பாருங்கள். பின்புறத் தசையை இறுக்கி, இடுப்பெலும்பை முகப்பக்கமாகச் சுருட்டி, முழங்கைகளைக் கால் விரல் பக்கமாக இழுப்பதுபோல அழுத்துங்கள், தரையில் அவை நகரக்கூடாது. இப்படிப் பிடித்தால் ஒரு நிமிடம் பிடித்தவருக்கே 15 விநாடியில் உடம்பு நடுங்கும். அந்த 15 விநாடிதான் வேண்டியது. 10 விநாடி பிடித்து, கொஞ்சம் விட்டு, மறுபடியும் பிடியுங்கள். அதுவும் கடினம் என்றால் முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம், அல்லது கையை ஒரு படிக்கட்டின் மேல் வைத்து உடம்பைச் சரிவாக்கலாம்.

*விடியற்காலையில் மட்டும் நோகிறது.* இதைப் பலர் கவனிப்பதில்லை. கொழும்பின் வெக்கைக்குப் பயந்து ஆறு மணிக்கு முன்பே காலிமுகத்திடலுக்கோ சுதந்திர சதுக்கத்துக்கோ மரைன் டிரைவுக்கோ போய்விடுகிறோம், நல்ல பழக்கம். ஆனால் இரவு முழுதும் படுத்திருந்ததில் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரமாக இருப்பதும் இதனால்தான். அந்த நேரத்தில் முதுகை வளைத்தால் தட்டுகளுக்கும் இணைப்பு நார்களுக்கும் அழுத்தம் அதிகம். நெடுநாள் நாரி வலி உள்ளவர்களை அதிகாலையில் குனிவதைத் தவிர்க்கச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது, அவர்களுக்கு வலி குறைந்தது. எனவே எழும்பிய முதல் ஒரு மணி நேரத்தில் நடங்கள், பிளாங்க் பிடியுங்கள். கிரஞ்ச் மாதிரி வளையும் பயிற்சிகளைப் பின்னேரத்துக்கு வையுங்கள்.

இவ்வளவும் மாற்றி இரண்டு மூன்று வாரமாகியும் நாரி நோகிறதென்றால் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவரிடம் நேரில் காட்ட வேண்டும். எழுத்தால் சொல்லக்கூடியது அதோடு முடிகிறது.

"தொடை முன்பக்கமும் இடுப்பு மடிப்பும்தான் களைக்குது"

காரணம் மேலே சொன்ன அதே இடுப்பு மடக்கித் தசை. நாளெல்லாம் கதிரையில் இருந்து, பிறகு பஸ்ஸிலும் இருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது இறுகிப் போயிருக்கும். பயிற்சிக்கு முன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் வைத்து, பின்புறத்தை இறுக்கி, இடுப்பை மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள். பக்கத்துக்கு 30 விநாடி.

ஜிம்மில் கம்பியில் தொங்கிக் கால் தூக்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தொடை தரைக்குச் சமாந்தரமாக வந்து நிற்கும்வரை பெரும்பாலும் இடுப்பு மடக்கித் தசையின் வேலை. அதற்கு மேலும் போய், இடுப்பெலும்பு சுருண்டு, முழங்கால் மார்பை நோக்கி வரும்போதுதான் வயிறு நன்றாகச் சுருங்குகிறது. உடம்பு ஆடினால் அந்த முறை கணக்கில் இல்லை. யோகா வகுப்பில் நாவாசனம் (உட்கார்ந்து கால்களையும் உடம்பையும் படகு போலத் தூக்கிப் பிடிப்பது) பிடிக்கிறவர்களுக்கும் இதே பிரச்சினை வரும். முதுகு கூனி, தொடை எரிந்தால், முழங்காலை மடித்துப் பிடியுங்கள்.

"கீழ் வயிற்றுக்குத் தனிப் பயிற்சி என்ன?" என்று அடிக்கடி கேட்பார்கள். முன்னால் ஓடும் தசை மேலிருந்து கீழ்வரை ஒன்றேதான். இடுப்பைச் சுருட்டும் பயிற்சியில் கீழ்ப்பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை போகலாம், அவ்வளவுதான்.

"எழும்பும்போது நடுவயிறு கூம்பி வருது"

மார்பு எலும்பிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை, நடுக்கோட்டில் ஒரு மேடு எழும்புவதைச் சொல்கிறேன். முன்பக்கத் தசை இடம் வலம் என இரண்டு பட்டைகளாக ஓடுகிறது. நடுவில் அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது ஒரு வெண்ணிற இணைப்புத் திசு. கர்ப்ப காலத்தில் அது விரிந்து மெலிகிறது. பெரிய வண்டி (தொப்பை) உள்ள ஆண்களுக்கும் விரியலாம்.

சோதிக்கும் முறை: மல்லாந்து முழங்கால் மடித்துப் படுத்து, விரல்களைத் தொப்புளின் மேல் குறுக்காக வைத்து, தலையை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது? இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் விரிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தொப்புளுக்கு மேலும் கீழும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்ற தாய்மாரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது மிகவும் சாதாரணம், பலருக்கு முதல் இரண்டு மாதங்களில் தானாகவே கணிசமாகக் குறைகிறது. "வயிறு உள்ள போகேல்லையே" என்று யாராவது சொல்வதைக் கேட்டு அவசரப்பட்டு நூறு சிட் அப் செய்யத் தொடங்கினால், பலமில்லாத அந்த நடுக்கோட்டை மேலும் மேலும் வெளியே தள்ளுவீர்கள். அம்மம்மா சொல்லித் துணியால் வயிறு கட்டுவது தாங்கலாக இருக்கும், நடப்பதற்கும் சுகமாக இருக்கலாம். ஆனால் கட்டு தசைக்குப் பலம் தராது, அது பயிற்சியால்தான் வரும்.

வைத்தியர் சரி என்ற பிறகு இப்படித் தொடங்குங்கள். மூச்சை வெளியே விட்டபடி தொப்புளுக்குக் கீழ்ப்பகுதியை உள்ளே எடுங்கள், சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையையும் கூடவே மேலே எடுங்கள். ஐந்து விநாடி பிடித்து முழுதாகத் தளர்த்துங்கள். இது கைவந்த பிறகு, மேலே எழுதிய ஐந்து படிகளில் முதலாவது. எதைச் செய்தாலும் கண்ணை நடுக்கோட்டில் வையுங்கள். மேடு எழும்பவில்லை என்றால் அந்தப் பயிற்சி உங்களுக்குப் பொருத்தம், எழும்பினால் ஒரு படி கீழே இறங்குங்கள். படுக்கையிலிருந்து எழும்பும்போதும் நேரே எழும்பாமல் பக்கமாகத் திரும்பிக் கையை ஊன்றி எழும்புங்கள். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரப் பரிசோதனையில் காயத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இருமும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ சொல்லுங்கள், அதற்கும் பயிற்சி உண்டு.

"மூச்சு முட்டுது, தலை சுத்துது"

பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வதால்தான். மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி, விடும்போது இறங்குகிறது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது.

கொழும்பில் இன்னொரு காரணமும் உண்டு. காற்றில் ஈரப்பதன் கூடிய ஊர் என்பதால் வியர்வை வழிகிறதே தவிர, காய்ந்து உடம்பைக் குளிர்விப்பதில்லை. பூட்டிய அறையில் செய்யாமல் ஜன்னலைத் திறந்து, காற்றாடியை உடம்பில் படும்படி வையுங்கள். தண்ணீர் முன்கூட்டியே குடியுங்கள். செவ்விளநீர் நல்லது, பொட்டாசியம் தாராளமாக உண்டு. ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம், அது இளநீரில் குறைவு. இரத்த அழுத்தம் இல்லாதவர்கள் நிறைய வியர்த்த நாளில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்கலாம்.

சோறு சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரமாவது போக வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். கந்தசஷ்டி விரத நாட்களிலும் நோன்பு மாதத்திலும் பயிற்சியை முழுதாக விட வேண்டியதில்லை. பாதியாகக் குறைத்து, விரதம் முடித்துச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் போன பிறகு செய்யுங்கள்.

"மூன்று நிமிஷம் பிளாங்க் பிடிக்கிறன், முன்னேற்றம் இல்லை"

நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், பலம் அவ்வளவாக வளராது. வயிறும் மற்றத் தசைகளைப் போலத்தான், சுமை கூடினால் வளர்கிறது. 60 விநாடி ஒழுங்காகப் பிடிக்க முடிந்தால், அதற்குப் பிறகு நேரத்தைக் கூட்டாமல் பயிற்சியைக் கடினமாக்குங்கள். முழங்கையைத் தோளுக்கு முன்னால் நகர்த்துங்கள், ஒரு காலைத் தூக்குங்கள், பக்கவாட்டு பிளாங்க்கைச் சேருங்கள். கிரஞ்ச் செய்கிறவர்கள் மார்பில் ஒரு நிறையைப் பிடித்து, 8 முதல் 15 முறைக்குள் களைக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

ஜிம் இல்லாதவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வது ஒன்று: 5 கிலோ அரிசிப் பையை ஒரு கையில் மட்டும் தூக்கிக்கொண்டு, உடம்பு எந்தப் பக்கமும் சரியாமல், தொடர்மாடியின் நடைபாதையில் மெதுவாக நடங்கள். அப்புறம் கையை மாற்றுங்கள். 5 கிலோ லேசானால் 10 கிலோ. பக்கத் தசைகளுக்கு இதைவிட இயல்பான பயிற்சி குறைவு, நாரிக்கும் பெரும்பாலும் இதமாகவே இருக்கும்.

நாள்தோறும் செய்ய வேண்டியதில்லை. கடினமாகச் செய்தால் வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் விடுங்கள்.

"அடுத்த நாள் சிரிக்கவே ஏலாமல் கிடக்கு"

புதிதாகத் தொடங்கியவருக்கும் திடீரென்று அளவைக் கூட்டியவருக்கும் வரும். இரண்டாம் நாள் உச்சமாகி, மூன்று நான்கு நாட்களில் போய்விடும். மெல்ல நடங்கள், அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், தசை அளவுக்கு மீறி உடைந்ததன் அறிகுறி அது.

"வால் எலும்பு தேயுது"

டைல்ஸ் தரையில் மெல்லிய விரிப்பு. போர்வையை நான்காக மடித்துக் கீழே போடுங்கள். முழு சிட் அப்பை விட்டாலே இது பெரும்பாலும் நின்றுவிடும்.

"நோவு ஒண்டும் இல்லை, ஆனால் வண்டி குறையேல்ல"

கடைசியாக வைத்தாலும், அதிகமானவர்கள் வருவது இதற்காகத்தான். வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வளர்க்கும். அதன் மேல் இருக்கும் கொழுப்பை அந்த இடத்திலிருந்து எடுத்து எரிக்காது. 1971இல் வெளியான ஓர் ஆய்வில் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். ஆடும் கையில் தசை பெருத்திருந்தது, தோலுக்குக் கீழுள்ள கொழுப்பின் தடிப்பு இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒன்றே. 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

முதலில் அது கொழுப்புத்தானா என்று பாருங்கள். காலையில் தட்டையாக இருந்து இரவில் புடைத்தால் அது பெரும்பாலும் காற்றும் உணவும். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கும்போது நாரிக்குப் பின்னால் முழுக்கை நுழையும் அளவு இடைவெளி இருந்தால், இடுப்பெலும்பு முன்னால் சரிந்து வயிற்றைத் தள்ளிக் காட்டுகிறது. அதற்கு இந்தப் பயிற்சிகளே உதவும்.

கொழுப்பு என்றால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் நான் முதலில் பார்ப்பது தேத்தண்ணீர். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 15 தேக்கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 60 கிராம் சீனி, 240 கலோரி. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவர் நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, நாம் தேத்தண்ணீரிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும். அடுத்தது மத்தியானச் சோற்றுப் பார்சல். அதில் சோறு மலையாகவும் மரக்கறி ஓரத்திலும் இருக்கும். சோற்றில் மூன்றில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, வல்லாரைச் சம்பலும் மீனும் முட்டையும் கூட்டிக் கேளுங்கள். நாலு மணி ரோல்ஸுக்குப் பதிலாக அவித்த கடலை. இரவு கொத்து ரொட்டியை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்தால் மனமும் ஆறும்.

நடையை விடாதீர்கள். பின்னேரம் மரைன் டிரைவில் கடற்காற்றோடு முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது, அதே நேரத்துக்குக் கிரஞ்ச் செய்வதைவிட வண்டிக்கு நல்லது. ஸ்குவாட் (குந்தி எழும்புவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து நிறையைத் தூக்குவது) போலப் பெரிய தசைகள் உழைக்கும் பயிற்சிகளையும் சேருங்கள். கண்ணாடியில் வயிற்றுக் கட்டங்கள் (சிக்ஸ் பேக்) தெரிய வேண்டும் என்று வரும் தம்பிமார் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கட்டங்கள் நான்கா, ஆறா, எட்டா என்பது தசைக்குக் குறுக்கே ஓடும் நார்களின் அமைப்பு. அது பிறப்போடு வருவது, பயிற்சியால் எண்ணிக்கை மாறாது.

முன்னேற்றத்தை அளக்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளவெடுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கைக் கோடு. அதற்கு மேல் இருந்தால் சீனி வருத்தம், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் மூன்றையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அளவை மாதத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிடுவதற்கு முன், அதே இடத்தில் எடுத்து எழுதி வையுங்கள்.